அம்மாவும் அப்பாவும் உதட்டில் ஒன்றுதான்

சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து ஒரு சொல்லைச் சொன்னேன். எதிரே, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது பற்றிய பயிற்சிக்கு வந்த நாற்பது ஆசிரியர்கள். என்ன சொன்னேன் என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் 'அம்மா' என்று எழுதினார்கள். மிச்சப் பேரில் பெரும்பாலோர் 'அப்பா'. ஒருவர் 'ஆமா' என்று எழுதி அடித்திருந்தார். நான் சொன்னது அப்பா. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. வித்தியாசமெல்லாம் மூக்குக்குள் நடக்கிறது, வெளியே தெரியாது. சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் என் பக்கத்தில் நின்ற தையல்கடை அண்ணாச்சி மீசையை முறுக்கிக் காட்டினார். அப்பா. மூக்குத்தி குத்தும் இடத்தை விரலால் தொட்டார். அம்மா. ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு டீச்சர், "இத்தன வருசமா நான் வாயப் பெருசு பெருசாத் தொறந்துல்லா காட்டிக்கிட்டு இருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பயிற்சியை இப்படிச் செய்துகாட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததே, முதல் தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர். ஆற்றோரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்கூட்டியில் போய்வருவதுதான் சோலி. காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கு ஒருவர், இருவர் என்று சிதறிக் கிடப்பார்கள். நான் போகிற அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் வகுப்பாசிரியர் பாடு, பிள்ளை பாடு. வகுப்பாசிரியருக்கு விஷயம் பிடிபடாவிட்டால் என் ஒரு மணி நேரம் ஆற்றில் கரைத்த புளிதான். அதனால், ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தச் சொன்னபோது துள்ளிக் குதித்து ஒத்துக்கொண்டேன்.

நான் தயாரித்துக்கொண்டு போனது 64 ஸ்லைடு. காதின் குறுக்குவெட்டுப் படம், வெளிக்காது, நடுக்காது, உட்காது. எத்தனை டெசிபெல் என்றால் மிதம், எத்தனை என்றால் கடுமை. காது மெஷினுக்குப் பேட்டரி மாற்றுவது எப்படி. சைகை மொழிக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம். அதற்குத்தான் அண்ணாச்சியை வரச் சொல்லியிருந்தேன். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருக்கிறார். பிறவியிலேயே காது கேளாதவர். பி.எட். படித்தபோது சைகை மொழியைத் தாளில் எழுதித்தான் பாஸானேன். அது கைக்கு வந்தது அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, காஜா எடுக்கிற பையனுக்கு அவர் சொல்லுவதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான்.

அன்றைக்குக் காலை பத்து மணியிலிருந்து அவர் மூலையில் ஒரு நாற்காலியில் இருந்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன். பேசுகிற நானே அவருக்குச் சைகையில் சொல்லவும் முடியாது. மூன்று மணி நேரம் மனிதர் காதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் அவர் முறை வந்தது. விரல் எழுத்து, 'வணக்கம்', 'நன்றி'. எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். கேள்வி நேரத்தில் ஒரு டீச்சர் எழுந்து, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "இவருக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டார். நான் அப்படியே சைகையில் சொன்னேன். அண்ணாச்சி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அவங்களுக்கு ஆயிட்டான்னு கேளு" என்றார். அதையும் சொன்னேன். கூடம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

கருத்துப் படிவத்தைத் திரட்டிப் பார்த்தால் அதிகம் பேர் எழுதியிருந்த சொல் 'பாவம்'.

சாயங்காலம் டீக்கடையில் அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு (கை இரண்டும் வேண்டுமே) ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காலையிலிருந்து காது, காது, காது. நான் எப்ப வருவேன்?"

அப்புறம் அவரே சொல்லத் தொடங்கினார். வேறு மாவட்டத்தில் ஒரு விடுதிப் பள்ளி. ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் நமக்குப் பேச்சு நிற்பதில்லை, அவர்களுக்கு நின்றுபோகும். கக்கூஸ் பக்கத்தில் மட்டும் ஒரு குண்டு பல்பு விடிய விடிய எரியும். அதன் அடியில்தான் எல்லாப் பேச்சும். ஊருக்குப் போய்வந்த கதை, சண்டைக் காட்சியோடு முழுச் சினிமா, யாருக்கு யார்மேல் கோபம், எல்லாம் அங்கேதான். பகலில் வகுப்பில் கை அசைந்தால் விரல் முட்டியில் ஸ்கேல் அடி. வாயால்தான் பேச வேண்டும். 'ப' சொல்லும்போது முகத்துக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பார்கள். காகிதம் ஆடினால் 'ப'. ஆடாவிட்டால் அது 'ம', திரும்பவும் சொல்லு.

"பத்து வருசம் பேப்பரை ஆட்டினேன்" என்றார். "மழை எப்படி வருதுன்னு வகுப்பில் எனக்குப் புரியும்படி யாரும் சொல்லல. சொன்னது அந்த பல்புக்குக் கீழ ஒரு பெரிய பையன்."

எனக்கு டீ ஆறிப்போயிற்று. ஒரு நாள் முழுக்க நான் ஆசிரியர்களுக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான். அந்தப் பெரிய பையனிடம் ஒரு மொழி இருந்தது. அதில் மழையை விளக்க முடிந்தது. வகுப்பறையில் அந்த மொழிக்கு ஸ்கேல் அடி கிடைத்தது. இது ஏன் நடந்தது என்று சொல்லாமல் காதுக்குள் எத்தனை எலும்பு என்று சொல்லி என்ன புண்ணியம்?

இரண்டாவது தடவை வேறு இடம், வேறு ஆசிரியர்கள். ஸ்லைடு ஒன்றுகூட இல்லை. பத்து மணிக்கு அண்ணாச்சி உள்ளே வந்து லைட் சுவிட்சை மூன்று தடவை போட்டு அணைத்தார். கூடம் திரும்பிப் பார்த்தது. காது கேளாதவர்கள் கூட்டத்தில் எல்லோருடைய கவனத்தையும் திருப்புகிற வழி அதுதான். ஆள் பக்கத்தில் இருந்தால் தோளில் லேசாகத் தட்டலாம், தள்ளி இருந்தால் கையை வீசலாம், மர பெஞ்சு என்றால் தட்டினால் அதிர்வு போய்ச் சேரும். முகவாயைப் பிடித்துத் திருப்புவது மட்டும் கூடாது. நம் வகுப்புகளில் அதைத்தான் அதிகம் செய்கிறோம்.

முதல் இருபது நிமிஷம் குரலே கிடையாது என்று பேசி வைத்திருந்தோம். நான் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி சைகையிலேயே ஒரு வேலை சொன்னார்: தாளை எடு, நான்காக மடி, இரண்டாவது கட்டத்தில் உன் ஊர்ப் பெயரை எழுது, இடதுபக்கத்து ஆளிடம் கொடு. சொல்லி முடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தித் தலையை ஆட்டி, புரிந்ததா என்று கேட்டார். நாற்பது பேரும் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரித் தலையாட்டினார்கள். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் தாளை மடிக்கவில்லை. ஒருவர் தாளைக் கையில் எடுத்துவிட்டுப் பக்கத்தில் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த தலைமையாசிரியர் ஒருவர் எரிச்சலோடு செல்போனை எடுத்துவிட்டார்.

அந்த இருபது நிமிஷம் கழித்து நான் வாயைத் திறந்து கேட்டது ஒன்றுதான். "ஏன் எல்லாரும் தலையாட்டினீங்க?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் செல்போனை எடுத்த அதே சார் சொன்னார்: "எல்லாரும் ஆட்டினாங்க, நானும் ஆட்டினேன். புரியலைன்னு சொன்னா திரும்பியும் அதையேதான் காட்டுவாரு." சற்று நிறுத்தி, "எங்க ஏழாம் வகுப்புல ஒரு பய இருக்கான். எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். நான் புரிஞ்சிருக்குன்னுல்லா நினைச்சேன்" என்றார்.

அன்றைய பயிற்சியில் நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் அந்தத் தலையாட்டலுக்கு ஈடாகாது. ஆகவே என் முதல் யோசனை இது: காது கேளாத பிள்ளையிடம் 'புரிஞ்சுதா?' என்று கேட்கவே கேட்காதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள், படம் போடச் சொல்லுங்கள், பக்கத்துப் பையனுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

வரலாற்றை எப்படிச் சொல்வது என்பதில் எனக்குப் பெரிய தடுமாற்றம் இருந்தது. ஆண்டு, பெயர் என்று அடுக்கினால் சாப்பாட்டுக்குப் பிந்திய தூக்கம்தான் வரும். பெயர்ச் சைகையில் ஆரம்பித்தால் நன்றாகப் போகிறது. காது கேளாதவர்கள் ஒருவரை ஒருவர் ஒவ்வொரு தடவையும் எழுத்துக்கூட்டிக் கூப்பிடுவதில்லை. ஆளுக்கு ஒரு பெயர்ச் சைகை உண்டு. பெரும்பாலும் முகத்தில், நடையில், பழக்கத்தில் கண்ணில் படும் ஏதோ ஒன்று. அந்தப் பெயரை அவர்கள்தான் நமக்கு வைக்க வேண்டும், நாமாக வைத்துக்கொள்வது முறையில்லை. எனக்குக் கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளுகிற சைகை. வேறு ஏதாவது நல்லதாகக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. குண்டு என்றால் குண்டு, வழுக்கை என்றால் வழுக்கை. "இளைச்சுப் போயிட்டீங்களே" என்று நாம் சுற்றி வளைப்பதை அவர்கள் நேரே சொல்வார்கள், அதில் வன்மம் கிடையாது. இன்னொன்று, சைகையில் 'நீ', 'நீங்கள்' எல்லாமே ஆளை நோக்கி விரல் நீட்டுவதுதான். அண்ணாச்சி தலைமையாசிரியரை நோக்கி விரலை நீட்டியபோது கூடத்தில் பலருக்கு முகம் சுருங்கிற்று. மரியாதை விரலில் இல்லை, அவர் முகத்திலும் தோளிலும் இருந்தது. அதைப் பார்க்க நமக்குக் கொஞ்சம் பழக வேண்டும்.

லோரான் கிளேர் என்ற காது கேளாத பிரெஞ்சுக்காரரின் பெயர்ச் சைகை, கன்னத்தில் இரண்டு விரலால் தடவுவது. குழந்தையாக இருந்தபோது நெருப்பில் விழுந்து கன்னத்தில் தழும்பு. அவர் படித்த பாரிஸ் பள்ளியைத் தொடங்கியவர் லெப்பே என்ற பாதிரியார். 1760 வாக்கில், ஏழைப் பிள்ளைகளுக்கும் இலவசமாக. அந்தப் பாதிரியார் சைகையைக் கண்டுபிடிக்கவில்லை. பாரிஸ் தெருக்களில் காது கேளாதவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டவர் சும்மா இருக்காமல் அதில் பிரெஞ்சு இலக்கணத்தை ஒட்டுப்போட்டார் என்பது வேறு கதை. இன்றைக்கும் தமிழை வாயால் சொல்லிக்கொண்டே சொல்லுக்குச் சொல் கை ஆட்டுகிற ஆசிரியர்கள் செய்வது ஏறக்குறைய அதுதான்.

கிளேர் 1816-இல் தாமஸ் காலடெட் என்ற அமெரிக்கரோடு கப்பல் ஏறினார். 52 நாள் பயணம். வழியெல்லாம் கிளேர் காலடெட்டுக்குச் சைகை சொல்லிக்கொடுக்க, காலடெட் கிளேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கிற்று. அதனால்தான் அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சுச் சைகைக்கு உறவு. இங்கிலாந்தின் சைகை மொழி தனி. ஆங்கிலத்தில் எழுதுகிற இரண்டு நாட்டுக்காரர்கள், கையால் பேசினால் ஒருவருக்கு ஒருவர் புரியாது. இந்த இடத்தில் ஆசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். "அப்ப உலகம் பூரா ஒரே சைகை இல்லையா?" என்ற கேள்வி தவறாமல் வரும். இல்லை. விரல் எழுத்திலேயே அமெரிக்கர்களுக்கு ஒரு கை, நம் இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கை.

அப்புறம் மிலான். 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு. வந்தவர்கள் 164 பேர். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர், ஜேம்ஸ் டெனிசன். வாய்ப்பேச்சு முறைதான் உயர்ந்தது, பள்ளிகளில் அதுவே இருக்க வேண்டும் என்று தீர்மானம். எதிர்த்துக் கை தூக்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதற்கு அப்புறம் பல நாடுகளில் சைகை வகுப்பறையை விட்டுத் துரத்தப்பட்டது. காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. டெலிபோன் தந்த கிரகாம் பெல் அந்த வாய்ப்பேச்சு முறைக்குப் பெரிய ஆதரவாளர். இத்தனைக்கும் அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது. அவருடைய கருவி காது கேளாதவர்களை நூறு வருஷம் ஒதுக்கி வைத்திருந்தது. இப்போது வாட்ஸ்அப் வீடியோவில் அண்ணாச்சி பேசாத ஆளில்லை.

மிலானைச் சொல்லி முடித்ததும் ஒரு தமிழாசிரியர், "இது நம்ம இந்தி விவகாரம் மாதிரில்லா இருக்கு! பேசுறவன் இல்லாத சபையில அவன் மொழிக்குத் தீர்மானம்" என்றார். ஒப்பீடு முழுக்கச் சரியா என்று தெரியாது, ஆனால் 1938-ஐயும் 1965-ஐயும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அதன் பிறகுதான் அண்ணாச்சியின் கக்கூஸ் பல்புக் கதையைச் சொல்லச் சொன்னேன். மிலானுக்கும் அந்த பல்புக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்துவிட்டது. 2010-இல் வான்கூவரில் அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் கூடி மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருஷம். அண்ணாச்சி இதற்கு மட்டும் கையால் ஒன்றும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கினார்.

மொழி என்பதற்கான ஆதாரத்தைக் கேட்பவர்களுக்கு இரண்டு சொல்வேன். 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆங்கில ஆசிரியர், கை வடிவம், இடம், அசைவு என்று சைகையைப் பிரித்துக் காட்டி இதற்கும் மற்ற மொழிகளைப் போல உள்கட்டமைப்பு உண்டு என்று எழுதினார். கூட வேலை பார்த்தவர்களே கேலி செய்தார்கள். இன்னொன்று மத்திய அமெரிக்காவில் இருக்கும் நிகராகுவா. 1970-களின் கடைசியில் அங்கே முதன்முதலாகக் காது கேளாத பிள்ளைகள் நிறையப் பேர் ஒரே பள்ளியில் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு வீட்டுச் சைகையோடு வந்த பிள்ளைகள் சில வருஷங்களில் தங்களுக்குள் ஒரு புது மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். பள்ளி சொல்லிக்கொடுத்ததல்ல.

நம் ஊர்க் கதையையும் விடுவதில்லை. இந்தியாவில் காது கேளாதோருக்கான பள்ளி பம்பாயில் 1880-களில் வந்தது, கல்கத்தாவில் 1893-இல். அதே பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் தொடங்கிவிட்டார். அந்தப் பள்ளி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களில் பாதிப் பேர் தினமும் அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்கள். நூறு வருஷத்துக்கு மேலாகத் தங்கள் ஊரில் ஒரு மொழி நடமாடிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குச் செய்தியாக இருக்கிறது. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் போய்ப் பாருங்கள். மேளமும் மைக்கும் கூட்டமுமாக நாம் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அண்ணாச்சியும் அவருடைய சேக்காளிகளும் தெருவின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு சாவகாசமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது விடைபெறவே அரை மணி நேரம் ஆகும். அதுவும் அவர்கள் பண்பாடுதான். ஒரு காலத்தில் பிரிந்தால் அடுத்து எப்போது தன் மொழியில் பேச ஆள் கிடைக்கும் என்று தெரியாது.

ஒரு தடவை அண்ணாச்சி கடைக்கு லீவு விட்டுவிட்டு என்னோடு முக்கூடல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு வந்தார். ஆறாம் வகுப்புப் பையன். வீட்டில் எல்லோருக்கும் காது கேட்கும். காது மெஷின் பையில் கிடந்தது. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், அம்மான்னாக்கூடத் தெரியாது" என்றார் டீச்சர். நானும் அம்மா படம் காட்டி, உதட்டைக் காட்டி, மூக்கைத் தொட்டுக் காட்டிப் பல வாரம் முயன்றிருந்தேன். அண்ணாச்சி அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வீடு எங்கே, யார் யார் என்று கையால் கேட்டார். பையன் கொஞ்ச நேரம் முழித்தான். அப்புறம் மடியில் எதையோ வைத்திருப்பதுபோல் தொடையைத் தட்டினான். இரண்டு கை விரல்களையும் சேர்த்து எதையோ உருட்டினான், கட்டைவிரல் நகத்தால் நுனியை அமுக்கினான். எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டு, கையில் இலை, நுனியை மடக்கி அமுக்குவது. அதுதான் அவன் வீட்டில் அம்மாவுக்குப் பெயர். டீச்சருக்கும் எனக்கும்தான் அந்தச் சொல் தெரியாமல் இருந்திருக்கிறது. அண்ணாச்சி அதே மாதிரி உருட்டிக் காட்டிவிட்டு மூக்குத்தி இடத்தைத் தொட்டார். திரும்பவும் உருட்டினார், திரும்பவும் தொட்டார். பையன் உருட்டினான், தொட்டான். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். உங்க அம்மா?

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இதிலிருந்து நான் எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்வது, பிள்ளையின் வீட்டுச் சைகையை முதலில் எழுதி வையுங்கள் என்பது. ஒரு நோட்டுப் போட்டு, அம்மாவையோ ஆச்சியையோ கூப்பிட்டுக் கேட்டு, சோறுக்கு என்ன, தண்ணிக்கு என்ன, ஒண்ணுக்குப் போக என்ன, தம்பிக்கு என்ன. இருபது முப்பது தேறும். அங்கேயிருந்து இந்தியச் சைகை மொழிக்குப் போகலாம். அந்த மொழிக்கான தேசிய ஆய்வு, பயிற்சி மையம் 2015-இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. 2021-க்குள் 10,000 சொற்கள் கொண்ட வீடியோ அகராதியை இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டார்கள். செல்போனில் பார்க்கலாம். ஆனால் அகராதியை மட்டும் பார்த்து மொழி வராது. பேசுகிற ஆள் வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவையாவது.

பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம். 'நேற்று நான் கடை போ அரிசி வாங்கு அம்மா கொடு' என்று எழுதியிருப்பான். சிவப்பு மையில் ஒரு வட்டம், பூஜ்யம். அதை நிறுத்தி வாசியுங்கள். நேற்று என்று காலம் முதலில் வந்துவிட்டது, பொருள் வரிசை சரியாக இருக்கிறது, விட்டுப்போனது வேற்றுமை உருபும் வினைமுற்று விகுதியும். சைகையில் காலத்தை முன்னால் சொல்லிவிட்டால் ஒவ்வொரு வினையிலும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது கை நகரும் திசையிலேயே தெரிந்துவிடும். 'கு' எதற்கு? அவன் தப்பாகத் தமிழ் எழுதவில்லை, இரண்டாம் மொழியில் எழுதிப் பழகுகிறான். நாம் ஆங்கிலத்தில் எழுதியதை எப்படித் திருத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ அப்படித் திருத்தலாம். ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தியச் சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும். உன் பெயர் என்ன, உன் ஊர் எது. தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகவே இல்லை.

வகுப்பறையில் மாற்ற வேண்டியதெல்லாம் காசு பிடிக்காத வேலைதான். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், அப்புறம் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டாகத் தெரியும். அரைவட்டமாக உட்கார வைத்தால் பேசுகிற பிள்ளையின் முகம் எல்லோருக்கும் தெரியும். நோட்டில் எழுதிக்கொண்டே கவனி என்று சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே கண்தான். அந்தக் கண்ணும் அசரும், நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓய்வு வேண்டும்.

"சைகை பழகிட்டா பேச்சு வராதுன்னு சொல்றாங்களே" என்பது ஒவ்வொரு பயிற்சியிலும் வரும் கேள்வி. பெற்றோரும் கேட்பார்கள், பெரும்பாலும் கண் கலங்கி. காதுக்குள் கருவி பொருத்துகிற காக்ளியர் அறுவைச் சிகிச்சை இப்போது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது, சில பிள்ளைகளுக்கு நன்றாகவே பயன்படுகிறது. நான் அதற்கு எதிரி கிடையாது. ஆனால் மெஷின் பலன் தருமா தராதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வருஷங்களில் பிள்ளை எந்த மொழியும் இல்லாமல் இருக்கக் கூடாது. சைகையும் இருக்கட்டும், பேச்சும் வரட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆண்டுவிழாவில் காது கேட்கும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு பாட்டுக்குச் சைகை காட்ட வைத்து, கைதட்டு வாங்கி, அதை வாட்ஸ்அப்பில் போடுகிற பழக்கம் வந்திருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. அந்தப் பள்ளியிலேயே படிக்கும் காது கேளாத பிள்ளையைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவனிடம் கேட்டேன். என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை, டான்ஸ் நன்றாக இருந்தது என்றான்.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கத் தனி ஆள் வையுங்கள். நடத்துகிறவரே மொழிபெயர்த்தால் இரண்டும் கெடும், என் முதல் நாள் மாதிரி. கேள்வியைக் காது கேளாத கருத்தாளரைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தல்ல. சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். பெயரைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். எங்கள் படிவத்தில் 'செவித்திறன் குறைபாடுடையவர்' என்று போட்டிருப்போம். அண்ணாச்சிக்கு அந்தக் 'குறை' பிடிக்காது, காது கேளாதவன் என்று போடு, அது உண்மை, போதும் என்பார். ஆங்கிலத்தில் 'Deaf' என்று முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, இது உடம்பைப் பற்றியதல்ல, ஒரு சமூகத்தின் பெயர் என்று காட்டிவிடுகிறார்கள். நம்மிடம் பெரிய எழுத்தே இல்லை. 'ஊமை' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடலாம்.

காசு விஷயம். முதல் இரண்டு தடவையும் அவருக்குக் கருத்தாளர் மதிப்பூதியம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், பட்டம் இல்லையாம். எனக்குக் கொடுத்தார்கள். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வருகிற மனிதருக்கு ஒரு சால்வையும் டிபனும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளிகள் உட்பட, பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவை நகலெடுத்துக் கடிதத்தோடு இணைத்தேன். மூன்றாவது தடவை கொடுத்தார்கள். அண்ணாச்சி அந்தப் பணத்தில் கடை வாசலுக்கு மணி அடித்தால் எரிகிற லைட் ஒன்று மாட்டிக்கொண்டார். தையல் மெஷினில் குனிந்திருக்கும்போது யார் வந்தாலும் தெரிகிறது.

அடுத்த பயிற்சியைத் தீபாவளிக்கு முந்தின வாரம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சியிடம் காட்டினேன். தைக்காமல் கிடக்கும் துணிக்கட்டுகளைக் காட்டினார், விரலால் எண்ணினார், 34 சட்டை, அது போகப் பிள்ளைகளுக்குப் பாவாடை. தேதியை மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.